இரண்டு சிசி காற்று

பிக்கப் ஓட்டுபவரிடம் பிரேக் பெடல் தளர்ந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "ஏர் எடுத்துட்டா சரியாயிடும்" என்பதுதான் முதலில் வரும் பதில். பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். மீதி நேரம் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் ஒரு காலைப்பொழுதும் செலவாகிவிட்டிருக்கும், பெடல் பழைய ஆழத்திலேயே கிடக்கும். பைப்புக்குள் காற்று புகுந்தாலும், லைனர் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி கூடினாலும் காலுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மங்களூர் இருக்கிறது. கர்நாடகத்துக் கடற்கரை நகரம் அல்ல. மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஒன்றியத்தின் தலைமை ஊர். இந்தப் பக்கத்து பிக்கப்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேப்பூர் வழியாகவும் பெண்ணாடம் வழியாகவும் போய்வருகின்றன. கிழக்கே விருத்தாசலம், செராமிக் தொழிற்பேட்டை உள்ள ஊர். அங்கிருந்து அகல் விளக்கும் பொம்மையும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் வைக்கோலில் பொதிந்து கிளம்பும். சோள மூட்டை கனத்தால் பிரேக்கைச் சோதிக்கும். பீங்கான் அதைவிடக் கறாரான பரீட்சை வைக்கும்: பாதி மிதிக்குப் பிடிக்காமல் முக்கால் மிதியில் திடீரென்று கவ்வுகிற பிரேக்கோடு ஓட்டினால் எத்தனை பெட்டி உடைந்தது என்று இறக்குமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது திரவம் மட்டுமே. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பிரான்சின் பிலேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. சக்கர வண்டிக்கு அது வந்து சேர இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். விமானக் கம்பெனி தொடங்கிய லாக்ஹீட் அவருடைய சகோதரர். 1921இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் அந்த பிரேக்கோடு வந்தது. அதுவரை கம்பியும் தண்டுமாக இருந்த பிரேக்கில் நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்க வைப்பதே பெரும்பாடு. திரவத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. எந்த மூலைக்குப் போனாலும் அழுத்தம் ஒன்றே.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டிக்கு வண்டி அளவு மாறும், விஷயம் மாறாது. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். காலால் 20 கிலோ விசை கொடுக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல்; 5 மடங்காக்கி 100 கிலோவாகத் தரும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் அதை 3 மடங்காக்கினால் 300 கிலோ. 3.8ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 79 கிலோ. பின் டயரில் அடிக்கிற காற்றின் அழுத்தத்தைவிடப் பதினைந்து இருபது மடங்கு. முன்சக்கர டிஸ்க்கைக் கவ்வும் பிஸ்டன் 54 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன்மேல் விழும் விசை 1,800 கிலோவை எட்டும். ஒரு கால் மிதிக்கு ஒரு சக்கரத்தில் இவ்வளவு.

விசை பெருகுகிற அளவுக்கு நகர்வு சுருங்கியாக வேண்டும். பெடல் 25 மில்லிமீட்டர் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்வது 5 மில்லிமீட்டர். அது தள்ளும் ஆயில் 1.9 சிசி, அரை டீஸ்பூன்கூட இல்லை. அந்த 1.9 சிசி இரண்டு முன்சக்கரத்துக்கும் பிரிந்து போனால் ஒவ்வொரு பிஸ்டனும் முன்னேறுவது 0.4 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பெடலுக்குத் தரைவரை கிடைக்கிற மொத்தப் பயணமே 12 முதல் 15 சென்டிமீட்டர். அதாவது மாஸ்டர் சிலிண்டரின் கையிருப்பு ஒன்பது முதல் பதினொரு சிசி ஆயில். அதற்குள் நான்கு சக்கரத்தின் இடைவெளியையும் அடைத்து, அழுத்தமும் ஏற வேண்டும். ஒவ்வொரு சிசிக்கும் கணக்கு உண்டு.

அந்தக் கையிருப்பில் காற்று எவ்வளவு தின்னும்? திரவம் 100 பார் அழுத்தத்திலும் அரை சதவீதத்தை ஒட்டியே சுருங்கும். காற்று அப்படியல்ல. அழுத்தம் ஏற ஏறக் காற்றின் கன அளவு அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதிவைத்தார். பைப்பில் 2 சிசி காற்று இருக்கட்டும். 20 பார் ஏறும்போதே அது 0.1 சிசியாக ஒடுங்கிவிடும். அந்த 1.9 சிசி இடத்தை நிரப்ப ஆயில் போயாக வேண்டும். மேலே பார்த்த கணக்கின்படி பெடலில் அது 25 மில்லிமீட்டர். காலை எடுத்தால் அந்தக் காற்று மறுபடி விரிந்து பெடலைத் தள்ளும். ஸ்பிரிங்கை மிதிப்பதுபோல் மெத்து மெத்தென்று இருக்கிறது என்கிறார்களே, அது இதுதான்.

இனி தேய்மானத்தின் கணக்கு. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரும் 22 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதில் இரு பக்கமும் இரண்டு பிஸ்டன்; இரு சக்கரத்துக்கு நான்கு. லைனர் தேய்ந்து ஒவ்வொரு பிஸ்டனும் வழக்கத்தைவிட 1 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால் 1.5 சிசி ஆயில் கூடுதலாகத் தேவை. பெடலில் அது 20 மில்லிமீட்டர்.

ஒன்று 25, இன்னொன்று 20. காலுக்குள் அளவுகோல் இல்லாதவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் வித்தியாசம் காட்டும் சோதனைகள் உண்டு, அதற்கு ஸ்பேனரே வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலைச் சில தடவை மிதித்துவிட வேண்டும். பிறகு ஒரே சீராக அழுத்த வேண்டும். ஆழமாக இறங்கி, அடியில் கல்போல் நின்றால் இடைவெளி. எங்கே நின்றாலும் அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், விட்டால் எகிறினால் காற்று. வேகமாக இரண்டு மூன்று முறை அடித்தால் இரண்டிலுமே பெடல் மேலே வரும், ஏனென்றால் ஷூ திரும்பி வருவதற்குள் அடுத்த தவணை ஆயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் மேலே வந்த பெடல் இறுகி நின்றால் இடைவெளி. மேலே வந்தும் மெத்தென்றே இருந்தால் காற்று.

ஹேண்ட் பிரேக் ஒரு படி மேலான சாட்சி. பெரும்பாலான பிக்கப்களில் அது கேபிள் வழியாகப் பின்சக்கர ஷூக்களையே விரிக்கிறது. அதை நாலைந்து பல் இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று உயர்ந்துவிட்டால், வீணாகிற பயணம் பின் டிரம்மில் இருக்கிறது என்று பொருள். ஏர் எடுக்கும் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடலாம். மூன்றாவது நோய் ஒன்று உண்டு. சீராக அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெள்ள மெள்ளத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உட்பக்கமும் பைப்பும் காய்ந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனின் ரப்பர் பக்கெட் தேய்ந்து ஆயில் பின்னோக்கி நழுவுகிறது. ஏர் எடுத்தாலும் ஷூவை டைட் வைத்தாலும் அதற்குத் தீர்வு இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மிதித்திருந்த பெடல் ஒரு விரல் அளவு இறங்குவது மட்டும் நோயே அல்ல. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். புதிதாகக் கற்றவர்கள் இதற்குப் பயந்து நல்ல பிரேக்கைக் கழற்றுவதைப் பார்க்கலாம்.

இந்தப் பாகங்களின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் சென்னை முகவரி இருக்கும். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்ற பேருந்து நிறுத்தத்தை அறியாத சென்னைவாசி இருக்க மாட்டார். 1961இல் தொடங்கிய அந்த மின்சாதனத் தொழிற்சாலைக்கு அடுத்த ஆண்டு, டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது பிரேக்ஸ் இந்தியா. கர்லிங் என்ற இங்கிலாந்து பிரேக் பெயர் பழைய மெக்கானிக்குகளின் வாயில் இன்னும் இருப்பதற்கு அந்தக் கூட்டே காரணம். கனரக வண்டிகளின் காற்று பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டனும் அதே 1962இல் வந்தது. லைனருக்கு ரானே 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும். தரக்கட்டுப்பாட்டுக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது. பின்னர் லைனர் கம்பெனிகளும் வாங்கின. பாடி, அம்பத்தூர் பகுதிக்கு உலக பிரேக் வரைபடத்தில் ஓர் இடம் உண்டு. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தபோது, தமிழ்நாட்டுச் சரக்கைத் தமிழ்நாட்டு பிக்கப்பே சுமக்கத் தொடங்கியது.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் வரிசை முக்கியம். ஷூவை முதலில் டைட் வைக்க வேண்டும், பிறகுதான் ஏர். இடைவெளி அதிகமாக இருக்கும்போது ஏர் எடுத்தால், ஒவ்வொரு மிதியிலும் கிடைக்கிற ஆயிலில் பெரும்பகுதி ஷூவை நகர்த்தவே போய்விடும். காற்றை வெளியே தள்ளும் வேகம் வராது.

சமதரை, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக் முழுக்க விடுவிப்பு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய வண்டி ஸ்டாண்டில் உட்கார வேண்டும். செங்கல் அடுக்கில் நிற்கிற வண்டிக்குக் கீழே யாரும் கையை விடக்கூடாது. சுட்ட செங்கல் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஒரு மூலையில் மட்டும் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் பிளந்துவிடும். செராமிக் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்தால் துவாரத்தின் வழியே பல்லுள்ள ஒரு சின்னச் சக்கரம் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பல் பல்லாகத் திருப்பினால் இரண்டு ஷூவும் விரியும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே திருப்ப வேண்டும். சக்கரம் நின்றுபோகும் வரை திருப்பிவிட்டு, பிறகு தாராளமாகச் சுற்றும் வரை பின்னால் விட வேண்டும். லேசாக சர் சர் என்று உரசும் சத்தம் இருந்தால் பரவாயில்லை. பெடலை ஒன்றிரண்டு முறை மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், ஒரு பல் மாறலாம். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமாக இருந்தால் இந்த அளவு எதுவும் உண்மையாக இருக்காது. அதனால் அதைத் தளர்த்திவிட்டுத் தொடங்கி, கடைசியில் மறுபடி இறுக்குவது வழக்கம். பல வண்டிகளில் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் அமைப்பு இருக்கிறது. இருக்கிறது என்பதற்கும் வேலை செய்கிறது என்பதற்கும் நடுவில் நம் ஊர்ப் புழுதி இருக்கிறது.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. இப்போதைய பெரிய கம்பெனி லைனர்கள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதவை, ஆனால் பழைய வண்டியில் யார் எப்போது எந்த லைனரை ஒட்டினார் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கினால் அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பது நல்லது.

டிரம் பிரேக்கில் இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு ஆழமான காரணம் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே விரிகிற ஷூவை, டிரம்மே பிடித்துத் தன்னை நோக்கி இன்னும் இழுத்துக்கொள்ளும். உராய்வு கூடக் கூட இழுப்பும் கூடும், இழுப்பு கூடக் கூட உராய்வும் கூடும். எதிர்த்திசை ஷூவை அதே சுழற்சி டிரம்மிலிருந்து விலக்கித் தள்ளும். இந்தத் தன்னிழுப்பால்தான் டிரம் பிரேக் குறைந்த அழுத்தத்திலும் பலமாகப் பிடிக்கிறது. அதனாலேயே சின்ன வித்தியாசத்தையும் பெரிதாக்கிவிடுகிறது. ஒரு பக்க லைனரில் கொஞ்சம் கிரீஸ் பட்டாலும், ஒரு பக்கம் இரண்டு பல் அதிகம் வைத்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காலி வண்டியில் பின்பக்கம் லேசு. மழை நாளில் ஒரு பின்சக்கரம் மட்டும் முதலில் பூட்டிக்கொண்டால் வால் திரும்பிவிடும்.

இப்போது ஏர். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது பொதுவான முறை. நம் வண்டிகளில் அது வலப்பக்கம் இருப்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். வண்டியோடு தந்த கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே வேதம்; ஏபிஎஸ் உள்ள வண்டியில் சில சமயம் கம்ப்யூட்டர் கருவியைப் பொருத்தித்தான் முழுதாக எடுக்க முடியும். சக்கரத்தின் சிலிண்டரில் காற்று வெளியேற உள்ள நிப்பிளைத் துடைத்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வைக்க வேண்டும். ஊசி போடும் நர்ஸ் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துக் காற்றை முதலில் தள்ளுவதுபோல்தான் நிப்பிளும் எப்போதும் சிலிண்டரின் உச்சியில் இருக்கும். காற்று தானாக ஏறி அங்கே வந்து சேரும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை மாற்றியவர் இடது வலதை மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். அதன் பிறகு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் காற்று வராது. எல்லாப் பட்டறைகளும் அறிந்த கதை இது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கீழே இருப்பவர் "மிதிடா தம்பி" என்பார். "மிதிச்சிட்டேண்ணே." "புடி… விடாத." நிப்பிளை அரைச்சுற்று திறப்பார். பெடல் இறங்கும், குழாயில் ஆயிலோடு குமிழி ஓடும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று குரல் வரும். ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்வது சும்மா பேச்சு இல்லை. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால், அதே வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். முக்கால் மணி நேர வேலை அரை நொடியில் போகும். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள டப்பாவில் ஆயில் வற்றிப்போவதும் இதேபோல்தான். நாலைந்து மிதிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கவிடக்கூடாது. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முன்பாதியில் மட்டுமே போய்வந்துகொண்டிருக்கும். அதற்கு அப்பால் பல வருடமாக யாரும் போகாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். மென்மையான ரப்பர் பக்கெட்டை அதன்மேல் தேய்த்தால் கிழியும். காலையில் காற்று எடுக்கப்போய் மாலையில் மாஸ்டர் சிலிண்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டால் போதும்.

ஆயில் என்று நாம் சொன்னாலும் பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல. ஒரு காலத்தில் விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து ஊற்றினார்கள். இன்றைக்கு டாட் 3, டாட் 4 என்று விற்பவை கிளைக்கால் வகைத் திரவங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். கொஞ்சம் போனாலும் ரப்பர் முழுவதையும் மாற்றும் செலவு வரும். வண்டி பெயிண்டில் பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீரில் கரையும் என்பது இங்கே வசதி.

அதே குணம் பிரேக்குக்குள் எமன். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி வரை. நாலு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஈரம் சேர்ந்ததும் அந்த வரம்பு முறையே 140க்கும் 155க்கும் இறங்கிவிடும். கொதித்தால் வருவது ஆவி. ஒரு சிசி தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 1,600 சிசிக்கு மேல் ஆவியாக விரியும். இரண்டு சிசி காற்றுக்கே பெடல் 25 மில்லிமீட்டர் போய்விடுகிறது.

மங்களூர் பக்கத்தில் இது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். ஊர் முழுக்கச் சமவெளி. சுமையோடு 2,900 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் பிரேக்கில் வெப்பமாகிற ஆற்றல் 400 கிலோஜூல் அளவு. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. ஒரு முறை என்றால் டிரம்மும் டிஸ்க்கும் அதைத் தாங்கிக்கொண்டு, அடுத்த பிரேக்குக்குள் ஆறிவிடும். ஐந்து வருட ஈர ஆயிலோடு இந்தச் சாலைகளில் ஐந்து வருடம் ஓட்டலாம், ஒரு புகாரும் இருக்காது. அதே வண்டி ஒருநாள் 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கு வாடகைக்குப் போகும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அதே சுமையோடு இறங்கினால் கரைய வேண்டிய ஆற்றல் 28,000 கிலோஜூல். அறுபதிலிருந்து சுமார் 70 முறை நிற்பதற்குச் சமம், அதுவும் ஆற விடாமல். கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பங்கை ஏற்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர் முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். பாதி மலையில் பெடல் தரைக்குப் போகும்.

இதில் ஏமாற்றுவது அடுத்து நடப்பது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எப்படியோ வண்டியை நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் பெடல் சரியாக இருக்கும். ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்டது. ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் காலுக்கும் நன்றாகவே இருக்கும். தடயம் எதுவும் மிஞ்சாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத்துக்கு விற்பனையும் தெரியாது, தந்திரமும் தெரியாது. சீல் திறந்த பாட்டிலில் மிச்சம் வைத்த ஆயிலும், ஏர் எடுத்தபோது பாட்டிலில் பிடித்த ஆயிலும் திரும்ப டப்பாவுக்குப் போகக்கூடாது. கிணற்றோரம் கொட்டவும் கூடாது.

பிக்கப்புக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்றுண்டு. கார்க்காரர் சொல்லிக்கொடுத்த முறை பிக்கப்பில் பலிக்காமல் போவதற்கு அதுதான் காரணம். காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசு, சுமையேற்றினால் கனம். அதனால் பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். சுமை ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கினால் வால்வு திறந்து பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் விடும். காலியாக இருந்தால் குறைக்கும். சேஸிஸில் ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டால், "வண்டி முழுக்கக் காலி" என்று வால்வு புரிந்துகொண்டு பின் பைப்பைக் கிட்டத்தட்ட அடைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் பின் நிப்பிளில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஸ்டாண்டை ஆக்சிலுக்குக் கீழே வைத்தோ, சக்கரத்தைத் தரையிலேயே விட்டோ ஏர் எடுத்தால் தாராளமாக ஓடும். பாரம் அதிகம் ஏற்றுவதற்காகப் பட்டைக்கு மேல் பட்டை சேர்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் சேர்த்த வண்டியில் பட்டை அமுங்குவதே குறைவு. சுமை இருந்தும் வால்வு காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், மீதி வேலையும் முன் டிஸ்க்குக்குப் போகும், அது சூடேறும். அந்த வண்டியில் ஏர் எடுத்து என்ன பயன்?

எதிர்த்திசைத் தவறும் உண்டு. பெடல் மேலே நிற்க வேண்டும் என்ற ஆசையில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியை நீட்டி, பெடலின் தொடக்க ஆட்டத்தையே இல்லாமல் செய்துவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்கி அந்தத் துளையைத் திறக்கும், சூட்டில் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். ஆட்டம் இல்லாவிட்டால் பிஸ்டன் துளையை மூடிக்கொண்டே நிற்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவதற்குள் ஆயில் சூடாகி விரிந்து, போக வழியில்லாமல் ஷூவைத் தானே தள்ளும். உரசல், இன்னும் சூடு, இன்னும் விரிவு. வண்டி இழுக்காது, சக்கரம் புகையும். நடுரோட்டில் பிரேக் ஜாம் என்று நிற்கிற வண்டியில் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீறிட்டு சக்கரம் விடுபட்டால், நோய் பெரும்பாலும் இதுவாக இருக்கும்; ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருந்தாலும் இதேபோல் நடக்கும். காலால் மிதிக்கும்முன் விரலால் அழுத்தினால் பெடல் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

வேலை முடிந்ததும் எஞ்சின் ஓடும்போது பெடலை முழு பலத்தோடு அரை நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். இறங்கக்கூடாது. நான்கு நிப்பிளையும் துடைத்துவிட்டு, பெடலைப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் டார்ச் அடித்து ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கில் கை இருக்க, நடக்கும் வேகத்தில் முதல் பிரேக். 20, 30 என்று ஏற்றி நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டால், எந்தப் பக்கம் ஒரு பல் அதிகம் என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தாலோ, பெடல் மறுபடி மெத்தென்றிருந்தாலோ இன்னொரு முறை ஏர் எடுப்பது வீண்; காற்று புகுந்த வழி இன்னும் திறந்திருக்கிறது, சிலிண்டரையோ ஹோஸையோ மாற்ற வேண்டிய பட்டறை வேலை அது. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயதாகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் தகுதிச் சான்றான எஃப்சிக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் பிரேக்கைத் தொடுகிற வண்டிகளில், நிப்பிள் துருப்பிடித்து ஸ்பேனரோடு முறிந்து கையில் வரும்.